மெத்தை வைத்த தலைப்பலகை: துணியை அடித்துவிடுவதா, உறையாகப் போடுவதா?

தலைமாட்டுச் சுவரில் தலையணையை நிறுத்தி, அதில் சாய்ந்துகொண்டு படிப்பவர்களுக்கு அந்தத் தலையணை எத்தனை முறை நழுவும் என்று தெரியும். தலைப்பலகையே இல்லாத திவான் வகைக் கட்டில், கம்பி வைத்த இரும்புக் கட்டில், முதுகில் உறுத்தும் பூவேலைப்பாடு கொண்ட பழைய தேக்குக் கட்டில் என எது இருந்தாலும், மெத்தென்ற ஒரு தலைப்பலகையை வீட்டிலேயே செய்து பொருத்திக்கொள்வது கடினமான வேலை அல்ல. ஒரு ஒட்டுப்பலகை, இரண்டு அங்குல ஃபோம், இரண்டு மீட்டர் துணி, ஒரு ஸ்டேப்ளர் கன் ஆகியவற்றோடு ஒரு சனி, ஞாயிறும் இருந்தால் முடிந்துவிடும். எந்தப் பலகை, எந்தத் துணி, எப்படிப் பொருத்துவது என்ற கேள்விகளில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள்.

கடைக்குப் போனதும் எல்லோரும் முதலில் பார்ப்பது துணியின் நிறத்தைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு தலைப்பலகைகள் செய்து முடித்த பிறகு, முதலில் எடுக்க வேண்டிய முடிவு வேறு என்று உறுதியாகச் சொல்வேன். துணியைப் பலகையோடு நிரந்தரமாக அடித்துவிடப் போகிறோமா, கழற்றித் துவைக்கும் உறையாகப் போடப் போகிறோமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பலகையின் தடிமன், ஃபோமை மூடும் முறை, சுவரில் மாட்டும் முறை எல்லாம் அந்த ஒரு முடிவைப் பின்பற்றியே அமையும்.

நான் இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் தலைக்கு வைக்கும் எண்ணெய். சிதம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டில், அம்மாவின் கட்டிலுக்காக நான் செய்த முதல் தலைப்பலகைக்கு வெளிர் சாம்பல் நிற வெல்வெட் துணி போட்டேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஏழெட்டு மாதத்தில், அம்மா சாய்ந்து உட்காரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருமை தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் வெல்வெட்டின் மயிரிழைகள் அங்கே மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பக்கமாகப் படிந்து, தூசியைப் பிடித்துவைத்திருந்தன. அரிசி மாவைத் தூவி வைத்துப் பார்த்தேன். அது புதிதாகப் பட்ட எண்ணெயை உறிஞ்சும், மாதக்கணக்கில் ஊறியதை உறிஞ்சாது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்தபோது எண்ணெய் ஓரளவு போனது, ஆனால் துடைத்த இடத்தைச் சுற்றி வட்டமாக நீர்த்தடம் விழுந்துவிட்டது. அடியில் இருக்கும் ஃபோம் சோப்புத் தண்ணீரைக் குடித்துக்கொள்வதால், அதை அலசி எடுக்க வழியே இல்லை. “எண்ணெய் வைக்காம எப்படிப்பா படுக்கிறது?” என்று அம்மா கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். வீட்டில் இருப்பவர்களின் பழக்கத்துக்குப் பலகைதான் ஒத்துப்போக வேண்டும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆண்கள் மக்காசர் எண்ணெய் என்ற ஒன்றைத் தலைக்குப் பூசியபோது, நாற்காலிகளின் முதுகில் கறை படியாமல் இருக்க ஒரு சிறு துணியை விரித்துவைத்தார்கள். அந்தத் துணிக்கு ‘ஆன்டிமக்காசர்’ என்றே பெயர் வந்துவிட்டது.

இனி வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் வழி, துணியை இழுத்துப் பலகையின் பின்புறம் ஸ்டேப்பிள் அடிப்பது. குஷன் கடைகளில் செய்து தருவதும் பெரும்பாலும் இதுதான். இதன் நன்மை, துணி மத்தளத்தின் தோல்போல விறைப்பாக நிற்பதும், ஓரங்கள் கத்தி வைத்ததுபோல நேராக வருவதும் ஆகும். தையல் இயந்திரமோ தையல் அறிவோ தேவையில்லை. ஐந்தடி அகலமும் இரண்டரை அடி உயரமும் உள்ள பலகையின் சுற்றளவு 180 அங்குலம். ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று என்று வைத்தால் 120 ஸ்டேப்பிள்கள் போதும். ஆனால் துணியை மாற்ற நேரும் நாளில் அந்த 120-ஐயும் ஒவ்வொன்றாகத் தட்டை முனைத் திருப்புளியால் நெம்பி எடுக்க வேண்டும். பாதி உடைந்து, ஒரு கால் பலகைக்குள்ளேயே தங்கிவிடும். அந்த முனைகளைக் குறடால் பிடுங்காமல் புதுத் துணியை இழுத்தால் அது கிழியும். இந்த வேலையை ஒரு முறை செய்தவர் இரண்டாம் முறை செய்ய விரும்பமாட்டார்.

இரண்டாவது வழியில் இரண்டு துணிகள் உண்டு. ஃபோமின் மேல் மலிவான காடாத் துணியை இழுத்து ஸ்டேப்பிள் அடித்துவிட்டு, அதன் மேல் தனி உறையைப் போடுவது. காடாத் துணியை விட்டுவிடக் கூடாது. ஃபோமின் சொரசொரப்பு வெளி உறையைப் பிடித்துக்கொள்ளும், உறை வழுக்கிக்கொண்டு இறங்காது, மூலைகளில் சுருண்டு நிற்கும். உறையைத் தலையணை உறைபோல மேலிருந்து இறக்கும்படியும் தைக்கலாம். எலாஸ்டிக் கோத்த மெத்தை விரிப்பைப்போலச் சுற்றிலும் பின்பக்கம் மடியும்படியும் தைக்கலாம். நான் இரண்டையும் செய்து பார்த்தேன். தலையணை உறை வடிவத்துக்கு அளவு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். அரை அங்குலம் கூடினால் முன்பக்கம் தொய்ந்து தெரியும், அரை அங்குலம் குறைந்தால் மூலைகளில் தையல் விரியும். எலாஸ்டிக் வைத்தது இந்தப் பிழைகளைப் பொறுத்துக்கொள்கிறது. சோஃபா உறை தைத்துப் பழகிய தையல்காரர் ஒருவர் அரை நாளில் முடித்துத் தந்துவிடுவார். விறைப்பு மட்டும் முதல் வழியளவுக்கு வராது. அருகில் வந்து தொட்டுப் பார்ப்பவருக்கு இது உறை என்று தெரியும். அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை.

மூன்றாவதாக, பலகையே இல்லாமல், திரைச்சீலைக் கம்பி ஒன்றைச் சுவரில் பொருத்தி, துணி வளையம் தைத்த இரண்டு திண்டுகளை அதில் தொங்கவிடுவதும் உண்டு. செலவும் வேலையும் மிகக் குறைவு, கழற்றுவதும் எளிது. ஆனால் சாயும்போது திண்டு பக்கவாட்டில் நகரும், சுவரின் குளிர்ச்சியும் ஈரமும் நேராக அதில் ஏறும். விடுதியில் தங்கியிருப்பவருக்கும், ஓராண்டில் வீடு மாறப் போகிறவருக்கும் இது பொருந்தும்.

பொத்தான் அழுத்திக் குழிகுழியாகச் செய்யும் வேலைப்பாட்டைப் பலரும் விரும்பிக் கேட்கிறார்கள். அதற்குப் பலகையில் வரிசையாகத் துளையிட்டு, நீண்ட ஊசியால் நூலைப் பின்பக்கம் இழுத்துக் கட்ட வேண்டும். துணியும் கூடுதலாகச் செலவாகும். கழற்றித் துவைக்கும் வாய்ப்பு அதோடு முடிந்துவிடும். ஒவ்வொரு குழியிலும் தூசி தங்கும் என்பதால், வீசிங் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அதை வைக்க நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

துணியைத் தேர்ந்தெடுப்பதும் இந்த முடிவோடு சேர்ந்ததுதான். கடைகளில் வெல்வெட் என்று கிடைப்பதில் பெரும்பகுதி பாலியெஸ்டர். பாலியெஸ்டர் இழை தண்ணீரை ஏற்காது, எண்ணெயை இறுகப் பிடித்துக்கொள்ளும். தேநீர் சிந்தினால் துடைத்துவிடலாம், தேங்காய் எண்ணெய் பட்டால் விடாது. பருத்தி இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. எல்லாக் கறையையும் எளிதில் வாங்கிக்கொள்ளும், ஆனால் வெந்நீரும் சோப்பும் உள்ளே ஊடுருவுவதால் வெளியிலும் விட்டுவிடும். ஆகவே அடித்துப் பொருத்துவதற்குப் பருத்தி ஏற்றதல்ல, உறைக்கு அதைவிட நல்லது இல்லை. ரெக்சினைத் துடைத்தே சுத்தம் செய்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் மே மாதத்தில் மின்சாரம் நின்ற இரவில் அதில் வெறும் முதுகோடு சாய்ந்தவருக்கு அதன் பிசுபிசுப்பு மறக்காது. பாலியூரிதீன் பூச்சுக் கொண்ட செயற்கைத் தோல்கள், காற்றில் உள்ள ஈரத்தாலேயே சில ஆண்டுகளில் பூச்சுச் சிதைந்து செதில் செதிலாக உரியத் தொடங்கும். கடலோர ஊர்களில் இதை நிறையப் பார்க்கலாம். குழந்தைகள் சாப்பிட்ட கையோடு ஏறி விளையாடும் கட்டில் என்றால் மட்டும் ரெக்சினைப் பற்றி யோசிக்கலாம்.

பருத்தி என்று முடிவு செய்தால், வெட்டுவதற்கு முன் துணியைத் துவைத்துக் காயவைக்க வேண்டும். எவ்வளவு சுருங்கும் என்று அறிய, ஒரு ஓரத்தில் 50 செ.மீ. நீளத்துக்கு இரண்டு நூல்முடிச்சுகளை இட்டு, துவைத்த பின் மறுபடி அளந்து பார்த்தால் போதும். அது 48.5 ஆகியிருந்தால் நூற்றுக்கு மூன்று சுருக்கம். இரண்டு மீட்டர் நீளத்தில் ஆறு செ.மீ. குறைந்துவிடும். துவைக்காத துணியில் அளவாகத் தைத்த உறை முதல் சலவைக்குப் பின் பலகையில் ஏறாது.

சோஃபாத் துணிகள் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வருகின்றன. ஐந்தடிப் பலகைக்கு 60 அங்குலம் வேண்டும். எனவே துணியைச் சுருளில் இருப்பதுபோல மேலிருந்து கீழாகப் போட்டால் நடுவில் ஒட்டுப்போட நேரும். பக்கவாட்டில் திருப்பிப் போட்டால் ஒட்டு வேண்டாம். எலாஸ்டிக் உறைக்கான கணக்கு இது: அகலம் 60, இரு பக்கத் தடிமன் தலா இரண்டரை, பின்னால் மடிய இரு பக்கமும் தலா நான்கு, ஆக 73 அங்குலம். உயரம் அதேபோல 43 அங்குலம். இரண்டு மீட்டர் என்பது ஏறக்குறைய 79 அங்குலம், ஆகவே அந்த அளவு துணி போதும். ஆறடிக் கட்டிலுக்கு 85 அங்குலம் வரும், இரண்டேகால் மீட்டர் வாங்க வேண்டும். பக்கவாட்டில் திருப்பும்போது செங்குத்துக் கோடுகள் படுக்கைக்கோடுகளாகும் என்பதையும், வெல்வெட் என்றால் மயிரிழை மேலிருந்து கீழாகப் படியாமல் பக்கவாட்டில் படிந்து, ஒரு பக்கம் வெளிர்ந்தும் மறுபக்கம் அடர்ந்தும் தெரியும் என்பதையும் கடையிலேயே விரித்துப் பார்த்துவிட வேண்டும். இந்தக் கணக்குகள் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 90க்கு 100 அங்குலத்தில் கிடைக்கும் தடித்த பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்றை வாங்கினால், ஆறடிப் பலகைக்குக்கூட ஒட்டில்லாமல் இரண்டு உறைகள் தைத்துவிடலாம். கரூர், சென்னிமலைப் பக்கத்துத் தறிகளிலிருந்து வரும் விரிப்புகளில் இதற்கேற்ற கனம் உள்ளவை கிடைக்கின்றன. மாற்றிப் போட இரண்டாவது உறை கையில் இருப்பது பெரிய வசதி.

பலகைக்கு வருவோம். ஒட்டுப்பலகை என்றால் 8க்கு 4 அடிதான் என்று நினைத்து முழுத் தாளை வாங்கிவிடுகிறார்கள். 6க்கு 3 அடியிலும் தாள்கள் வருகின்றன. ஐந்தடிக் கட்டிலுக்கும் ஆறடிக் கட்டிலுக்கும் அதுவே போதும், மிச்சமும் குறைவு. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை விலை குறைவு, மட்டம் அருமையாக இருக்கும், ஆனால் ஈரம் பட்டால் உப்பிவிடும், உப்பியது மறுபடி வற்றிப் பழைய நிலைக்கு வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் பூக்கும் வீடுகளில் அதை நான் தவிர்ப்பேன். ஒட்டுப்பலகையில் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, ஈரத்தை ஓரளவு தாங்கும் எம்.ஆர். வகை, காய்ந்த சுவருக்குப் போதுமானது. வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, தண்ணீரைத் தாங்கும் மரைன் வகைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்செலவு ஆகாது.

தடிமனில் 12 மி.மீ. போதுமா, 18 வேண்டுமா என்ற கேள்வியையும் உறைதான் தீர்க்கிறது. 60க்கு 30 அங்குல ஒட்டுப்பலகை 12 மி.மீ. என்றால் எட்டரை கிலோ அளவில் இருக்கும், 18 மி.மீ. என்றால் பன்னிரண்டரை கிலோ. ஃபோமும் துணியும் சேர்ந்தால் முன்னது பதினொரு கிலோ, பின்னது பதினைந்து. உறையைக் கழற்ற ஒவ்வொரு முறையும் பலகையைச் சுவரிலிருந்து தூக்கி இறக்க வேண்டும் என்பதால், ஒருவரே தூக்கக்கூடிய 12 மி.மீ. பலகையை எடுத்துக்கொண்டு, வளையாமல் இருக்கப் பின்னால் இரண்டு மரப்பட்டைகளைத் திருகிவிடுவது சரியான வழி. நிரந்தரமாக அடித்துப் பொருத்துபவர்களுக்கு எடை ஒரு பொருட்டல்ல, 18 மி.மீ. போட்டுக்கொள்ளலாம். உயரத்தை அட்டவணை பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மெத்தை மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து, தோள் உயரத்தில் இன்னொருவரைப் பென்சிலால் குறிக்கச் சொன்னால் போதும். மெத்தைக்குக் கீழே ஐந்தாறு அங்குலம் இறங்கினால் இடைவெளி தெரியாது.

உள்ளே வைக்கும் பொருளில், ஃபோமுக்குப் போட்டியாக இரண்டு உள்ளன. போடிநாயக்கனூர்ப் பக்கம் விளையும் இலவம்பஞ்சில் செய்தால் காற்றோட்டமாக இருக்கும் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். எனக்கும் இலவம்பஞ்சுத் தலையணை இல்லாமல் தூக்கம் வராது. ஆனால் நிமிர்ந்து நிற்கும் பலகையில் பஞ்சு நாளடைவில் கீழே இறங்கி, மேல்பாதி வெறும் துணியாக நிற்கும். கட்டம் கட்டமாகத் தைத்துப் பிரித்தால்தான் தாங்கும். ரப்பர் சேர்த்த தேங்காய் நார்த் தகடு இறங்காது, வியர்க்காது, முதுகுக்கு நல்ல தாங்கலும் தரும். மெல்லிய துணியினூடே நார் குத்தும் என்பதால் அதன் மேல் அரை அங்குல ஃபோம் போட வேண்டும். வெறும் ஃபோம் என்றால் கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று கேட்டு வாங்கலாம். இந்த எண், ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதைக் குறிக்கிறது. அழுத்தினால் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை அது சொல்லாது. எனவே கையால் அழுத்திப் பார்க்காமல் வாங்கக் கூடாது. உட்காரும் இருக்கையைப் போல முழுப் பாரமும் இதில் விழுவதில்லை; இரண்டு அங்குல 32 டென்சிட்டியே தலைப்பலகைக்குப் போதும். ஃபோமை ஒட்டும் ரப்பர் பசையின் வாடை தலைக்கு ஏறும், தீப்பற்றவும் கூடியது. மாடியிலோ திண்ணையிலோ வைத்து ஒட்டி, இரண்டு மூன்று நாள் காற்றாட விட்டபின் படுக்கையறைக்குள் கொண்டுபோவது நல்லது.

பொருத்தும் முறையில், கட்டிலின் கால்களோடு போல்ட் போட்டு முறுக்குவது ஒன்று, சுவரில் மாட்டுவது மற்றொன்று. கட்டிலோடு முறுக்கினால் கட்டிலை நகர்த்தும்போது பலகையும் கூடவே வரும். ஆனால் உறையைத் துவைக்க ஒவ்வொரு முறையும் ஸ்பானர் எடுக்க வேண்டும், புரண்டு படுக்கும்போதெல்லாம் போல்ட் தளர்ந்து கிறீச்சிடும். உறைக்கு ஏற்றது சுவரில் மாட்டுவதுதான். நான்கங்குல மரப்பட்டை ஒன்றை நீளவாக்கில் 45 பாகைச் சாய்வில் கிழித்துத் தரும்படி தச்சரிடம் கேட்டால், ஒன்றில் ஒன்று கொக்கிபோல அமரும் இரண்டு பட்டைகள் கிடைக்கும். ஒன்றைச் சுவரிலும் மற்றொன்றைப் பலகையின் பின்னாலும் திருகிவிட்டால், பலகையைத் தூக்கி மாட்டலாம், தூக்கியே கழற்றலாம். கீழ்ப்பகுதி சுவரை நோக்கிச் சாயாமல் இருக்க அதே தடிமனில் ஒரு சிறு பட்டையை அடியிலும் வைக்க வேண்டும். பட்டையின் தடிமன் அளவுக்குப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழுவதால், எலாஸ்டிக் மடிப்பு நசுங்காமல் அதில் அடங்கும், ஓதமும் துணியில் ஏறாது. கரையான் வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும் அந்த இடைவெளி உதவும்.

சுவரில் திருகும்போது நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. பட்டை 18 மி.மீ., சுவர்ப் பூச்சு 12 முதல் 15 மி.மீ. என்று வைத்தால், இரண்டு அங்குலத் திருகு செங்கல்லுக்குள் இரண்டு செ.மீ. அளவே இறங்கும். மூன்று அங்குலத் திருகும், துளைக்குள் செருக அதற்கேற்ற பிளாஸ்டிக் கட்டையும் வேண்டும். தலைமாட்டில் சுவிட்ச் பெட்டி இருந்தால் அதற்கு நேர் மேலும் கீழும் துளையிடக் கூடாது, ஒயர்க் குழாய் பெரும்பாலும் அந்த நேர்க்கோட்டில்தான் போகும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், தரையிலிருந்து எழும் இரண்டு மரக்கால்களின் குறுக்கே அந்தச் சாய்வுப் பட்டையைத் திருகி, கட்டிலைச் சுவரோடு நெருக்கித் தள்ளி அவற்றை நிறுத்திவிடலாம். கழற்றும் வசதி அப்போதும் கெடாது.

இவற்றில் எதைக் கையால் செய்வது, எதை வெளியில் கொடுப்பது என்பதில் என் கருத்து இது. பலகையை அளவாக அறுப்பதையும், பட்டையைச் சாய்வாகக் கிழிப்பதையும் தச்சரிடமும், உறையைத் தையல்காரரிடமும் கொடுத்துவிடலாம். ஃபோம் ஒட்டுவது, காடா இழுத்து அடிப்பது, சுவரில் மாட்டுவது ஆகிய மூன்றும் வீட்டில் செய்யத்தக்கவை. காடா அடிக்கும்போது மூலையிலிருந்து தொடங்காமல், நான்கு பக்கங்களின் நடுவில் ஒவ்வொரு ஸ்டேப்பிள் அடித்துவிட்டு, அங்கிருந்து மூலைகளை நோக்கிப் போக வேண்டும். மூலையிலிருந்து தொடங்கினால் சுருக்கம் முழுவதும் நடுவில் வந்து நிற்கும்.

அம்மாவின் கட்டிலில் இப்போது இருப்பது 12 மி.மீ. பலகை, இரண்டு அங்குல ஃபோம், அரக்கு நிறப் பருத்தி உறை. மாதம் ஒரு முறை, தலையணை உறைகளோடு சேர்த்து அதையும் கழற்றி வெந்நீரில் ஊறவைக்கிறோம். உறை கொடியில் காயும் நேரத்தில் காடாத் துணியில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். இறங்கத் தொடங்கியதைக் கண்ட பிறகு, தலை படும் உயரத்தில் மட்டும் உறையின் உட்புறம் ஒரு பழைய டர்க்கித் துண்டை மடித்துத் தைத்துவிட்டோம்.